நமது வேடம் யாருக்குக் குத்தகை?

(மன்னாரில் நடைபெற்ற கலை இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



“மீனவனுக்குக் கடல் இல்லை, உழவனுக்கு உரிய விலை இல்லை, காற்றாலையும் கனிம மணலும் இந்தத் தீவை என்ன செய்யுமோ என்று ஊரே கவலையில் கிடக்கிறது, இந்த நேரத்தில் சினிமாவைப் பற்றிப் பேச ஒருவரை அழைத்திருக்கிறார்களே!” என்று உங்களில் சிலர் எண்ணலாம். அந்த எண்ணம் நியாயமானதுதான். ஆயினும் ஒன்று கேட்கிறேன். மன்னாரை ஒரு நாளும் மிதித்தறியாத ஒருவன், கொழும்பிலோ சென்னையிலோ தில்லியிலோ இருந்துகொண்டு நம்மைப் பற்றி முடிவு செய்கிறானே, அவன் நம்மை எங்கே கண்டான்? நமது வீட்டுத் திண்ணையிலா? இல்லை. திரையிலே கண்டான். தொலைக்காட்சிப் பெட்டியிலே கண்டான். அங்கே அவன் கண்ட மனிதன் நாம்தானா, அல்லது நமது பெயரைச் சூட்டிக்கொண்ட வேறொருவனா என்பது பொழுதுபோக்குப் பற்றிய கேள்வியன்று. அது உரிமை பற்றிய கேள்வி.

உழவர்களுக்கு இதை விளங்க வைப்பது எளிது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் ஒன்று உமக்கு இருக்கிறது. அதை நீர் குத்தகைக்கு விடலாம். குத்தகைக்காரன் நல்லவனாக இருக்கலாம், நன்றாகவும் விளைவிக்கலாம். ஆனால் ஒப்பந்தம் இல்லை, உம்மைக் கேட்கவும் இல்லை, உமது வயலில் கூலி வேலைகூட உமக்குக் கிடைக்கவில்லை என்றால் அதற்குப் பெயர் குத்தகையா? நமது கதை நமது வயல். அதில் இறங்கி உழுகிறவர் யார், அறுப்பவர் யார் என்று கேட்கும் நேரம் வந்துவிட்டது.

பாரிஸ் கண்ட முத்துக் கடல்

இது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1863-ஆம் ஆண்டு செப்டெம்பர் 30-ஆந் திகதி பாரிஸ் நகரில் ஓர் இசை நாடகம் அரங்கேறியது. பிஸே என்னும் இளம் இசைமேதை இசையமைத்த ‘முத்துக் குளிப்போர்’ என்பது அது. கதை நடக்கும் இடம் இலங்கைத் தீவு. இலங்கையில் முத்துக் குளிப்பு என்றால் அது எந்தக் கடல்? அரிப்பும் சிலாவத்துறையும் அல்லவா! ஆனால் அந்த நாடகத்தில் வரும் முத்துக் குளிப்போரின் பெயர்கள் என்ன தெரியுமா? சுர்கா, நாதிர், லைலா, நூராபாத்! ஒரு சந்தியாப்பிள்ளை உண்டா? ஒரு செபமாலை உண்டா? ஒரு முகம்மது மீராசாகிபு உண்டா? தேடினாலும் கிடையாது.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. அந்தக் கதையை எழுதியவர்கள் முதலில் அதற்குக் களமாக வைத்திருந்தது மெக்சிக்கோ நாட்டை! பின்னர் மனம் மாறி இலங்கை என்று திருத்தினார்கள். மெக்சிக்கோவை எடுத்துவிட்டு இலங்கையை வைத்தாலும் கதை குலையவில்லை. ஏன் குலையவில்லை? அதில் மெக்சிக்கோ மனிதனும் இல்லை, மன்னார் மனிதனும் இல்லை. தொலைவில் ஒரு கடல், கறுத்த மேனி, புரியாத வழிபாடு. அவ்வளவு இருந்தால் போதும் என்று பாரிஸ் நினைத்தது. அன்று ஒரே ஏட்டில் அடித்தெழுதப்பட்ட அந்த இரண்டு மக்களும் இன்றுவரை ஒரே நோயினால் வருந்துகிறார்கள்.

அமெரிக்காவில் ஒரு பாடம்

ஐக்கிய அமெரிக்க நாட்டில் மெக்சிக்கோ, போட்டோ ரிக்கோ, கியூபா, கொலம்பியா முதலிய நாடுகளின் வழிவந்த மக்கள் வாழ்கிறார்கள். லத்தினோக்கள் என்று அவர்களைச் சொல்லுவார்கள். அந்நாட்டு மக்கட்டொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அவர்கள். 2007 முதல் 2018 வரை அங்கு வெளிவந்த முன்னணிப் படங்கள் 1,200-ஐத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். வாய் திறந்து பேசும் பாத்திரங்களில் லத்தினோக்கள் எத்தனை பேர்? நூற்றுக்கு நாலரை! ஐந்தில் ஒருவனாக வாழ்கிறவன் திரையில் இருபதில் ஒருவனாகக்கூட இல்லை.

கிடைத்த வேடங்களும் அவர்களுக்கே கிடைத்தனவா? 1952-இல் மெக்சிக்கோவின் புரட்சி வீரன் சப்பாட்டாவின் கதை படமாயிற்று. சப்பாட்டாவாக நடித்தவர் மார்லன் பிராண்டோ. மெக்சிக்கோவிலே பிறந்த அந்தனி குயினுக்குக் கிடைத்தது அண்ணன் வேடம்! அந்தத் துணை வேடத்திலேயே அவர் ஆஸ்கார் பரிசைத் தட்டிக்கொண்டார் என்பது வேறு விடயம்.

1961-இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ வந்தது. போட்டோ ரிக்கோப் பெண் மரியாவாக நடித்தவர் ரஷ்யக் குடும்பத்தில் வந்த நத்தாலி வூட். பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் மார்னி நிக்சன் என்னும் இன்னொருவர். மரியாவின் அண்ணனாக வந்தவர் கிரேக்க வழியினரான ஜோர்ஜ் சக்கிரிஸ். முதன்மைப் பாத்திரங்களில் மெய்யான போட்டோ ரிக்கோப் பெண் ரீட்டா மொரீனோ ஒருவரே. அவருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே பழுப்பு மையைப் பூசிவிட்டார்கள். எங்கள் மக்கள் எல்லோரும் ஒரே நிறமா என்று அவர் கேட்டதைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆஸ்கார் பரிசு பெற்ற பின்னரும் அதே வகைச் சிறு வேடங்களே தம்மைத் தேடி வந்தன என்றும் சொல்லியிருக்கிறார். அறுபது ஆண்டுகள் கழிந்து, 2021-இல் ஸ்டீவன் ஸ்பீல்பர்க் அதே கதையை மீண்டும் எடுத்தபோது அந்த வேடங்களை லத்தினோ வழிவந்தவர்களுக்கே கொடுத்தார். இந்த மாற்றம் தானாக வந்ததன்று. கேட்டார்கள், விடாமற் கேட்டார்கள், ஆகவே வந்தது.

நமது திரையில் நாம்

இனி நமது கரைக்கு வருவோம். தமிழ்நாட்டுப் படவுலகம் நமக்கு அயலதன்று. நாம் அழுததும் சிரித்ததும் அதனோடுதான். ஆயினும் அந்தத் திரையில் ஈழத்தமிழன் வந்தபோது யார் வந்தார்?

2000-ஆம் ஆண்டில் ‘தெனாலி’ வந்தது. ஈழத்து அகதியாக நடித்தவர் கமல்ஹாசன். எதைக் கண்டாலும் அஞ்சும் மனிதனாக அவர் வந்தார், நாமும் சிரித்தோம். நமது பேச்சைக் கற்பிக்க நம் நாட்டு வானொலிக் கலைஞர் பி. எச். அப்துல் ஹமீத் துணை நின்றார். அது பாராட்டத்தக்கது. 2002-இல் மணிரத்தினத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ வந்தது. மாங்குளத்துப் பெண்ணாக நடித்தவர் தில்லியில் வளர்ந்த நந்திதா தாஸ். 2021-இல் ‘ஜகமே தந்திரம்’ வந்தது. ஈழப் பெண்ணாக வந்தவர் மலையாள நடிகை ஐசுவரிய லட்சுமி. அதே ஆண்டில் ‘தி பேமிலி மேன்’ என்னும் இந்தித் தொடரின் இரண்டாம் பகுதி வந்தது. ஈழத்துப் போராளியாக வந்த சமந்தாவின் முகத்தில் கறுப்பு மை பூசினார்கள். 1961-இல் அமெரிக்கா பூசிய அதே மை! அந்தத் தொடர் ஈழத்தமிழரை இழிவுபடுத்துகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு அமைச்சர் மனோ தங்கராஜ் 2021 மே மாதத்தில் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார்.

2022 மார்ச்சு மாதத்தை நினைத்துப் பாருங்கள். அரிசியும் பாலும் எரிபொருளும் எட்டாத விலைக்குப் போனபோது இந்த மன்னார்க் கரையிலிருந்து குடும்பம் குடும்பமாகப் படகேறித் தனுஷ்கோடியில் இறங்கினார்கள். மூன்றாண்டு கழித்து, 2025 மே மாதத்தில் ‘டூரிஸ்ட் பேமிலி’ என்னும் படம் வந்தது. அந்த நெருக்கடியினால் படகேறி இராமேசுவரத்தில் இறங்கிச் சென்னையில் அடையாளத்தை மறைத்து வாழும் ஈழக் குடும்பத்தின் கதை. அன்பான படம், நம்மை மனிதராகக் காட்டிய படம். அப்பாவாக வந்தவர் சசிகுமார். அம்மாவாக வந்தவர் சிம்ரன். இருவரும் நன்றாகவே செய்தார்கள். ஆனாலும் கேட்கிறேன்: படகேறியவர் நாம், வேடமேறியவர் வேறொருவர். இது எத்தனை காலத்துக்கு?

கடல் கடந்த நாட்டிலும் இதே கதைதான். ஷியாம் செல்வதுரையின் ‘பனி போய்’ என்னும் நாவலைக் கனடாவில் தீபா மேத்தா 2020-இல் படமாக்கினார். கொழும்புத் தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றில் தமிழரல்லாதார் நடித்தார்கள். அவர்கள் வாயில் தமிழ் தடுமாறியது. கனடாத் தமிழர் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கேட்டதில் என்ன தவறு? 1983-இன் வன்செயலைச் சொல்லும் கதை. எந்த மொழியைப் பேசியதற்காக மனிதரை அடையாளங்கண்டு அடித்தார்களோ, அந்த மொழியையே கொச்சைப்படுத்திவிட்டு அந்தக் கதையைச் சொன்னால் நெஞ்சு பொறுக்குமா?

ஒரு மறுப்பும் அதன் விடையும்

இங்கே ஒரு மறுப்பு எழும். “நடிப்பு என்பதே மற்றவனாக மாறுவது அல்லவா? மீனவனாக மீனவனே நடிக்க வேண்டும், உழவனாக உழவனே நடிக்க வேண்டும் என்றால் கலை எங்கே?” என்று கேட்பார்கள். இது நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் ஓடக்கூடாது.

1947-இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும் படத்தை எடுத்தவர் யார்? எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அதன் கதாநாயகி ருக்மணி தேவி, கொழும்புச் செட்டி வழியில் வந்த டெய்சி டானியல்ஸ். சிங்கள மக்கள் அவரைத் தங்கள் குயில் என்று கொண்டாடினார்கள். தமிழ்ப் பெண்தான் தமிழ்ப் பெண்ணாக வர வேண்டும், சிங்களப் பெண்தான் சிங்களப் பெண்ணாக வர வேண்டும் என்று அன்று சட்டம் போட்டிருந்தால் ருக்மணி தேவி இல்லை. கனடாவில் பிறந்த மைத்திரேயி இராமகிருஷ்ணன், ஈழத்திலிருந்து அகதியாய்ப் போன பெற்றோரின் மகள். ஏறத்தாழ 15,000 பேரிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு, 2020-இல் தொடங்கிய ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் இந்தியத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணாக நடித்தார். அதைப் பார்த்து நாம் பெருமைப்படவில்லையா? ஆகவே இரத்தத்தைப் பார்த்து வேடம் கொடு என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது ஒன்றே. கதவு இரண்டு பக்கமும் திறக்கிறதா? மதுரை நடிகர் மன்னார்த் தந்தையாக வரலாம் என்றால், மன்னார் இளைஞன் மதுரைக் கதாநாயகனாக வர முடிகிறதா? முடிகிறது என்றால் இரண்டும் கலை. நான் வாய் மூடிக்கொள்கிறேன். முடியவில்லை என்றால், ஒரு பக்கம் மட்டும் திறக்கும் அந்தக் கதவுக்குக் கலை என்று பெயர் சூட்டாதீர்கள்! சிறு இடைவெளி தெரிகிறது என்பதையும் மறைக்கவில்லை. கிளிநொச்சியிலிருந்து சென்று 2019-இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றினால் பெயர் பெற்ற லொஸ்லியா, தமிழ்நாட்டுப் படங்களில் நடித்திருக்கிறார். ஆனால் ஒரு குருவி வந்தால் மாரி வந்துவிடுமா?

கதவைத் திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று ‘தீபன்’. பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் எடுத்த படம். தலைமை வேடம் அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்திக்கு. இயக்கத்திலிருந்து விலகி, அகதியாகப் பிரான்ஸ் சேர்ந்த ஒருவர், அவ்வாறு சேர்ந்த ஒருவனாக நடித்தார். மனைவியாக வந்தவர் சென்னை நாடகக் கலைஞர் காளீசுவரி சீனிவாசன். இரண்டு கரைத் தமிழும் கூடிய அந்தப் படம் 2015-இல் கான் விழாவின் தலையாய பரிசான தங்க ஓலையைப் பெற்றது.

அதே ஓடியார் 2024-இல் ‘எமிலியா பெரஸ்’ எடுத்தார். மெக்சிக்கோவின் துயரக் கதை. பெரும்பகுதி பிரான்சிலே படமாக்கப்பட்டது. முன்னணி நடிகையருள் மெக்சிக்கோப் பெண் அதிரியானா பாஸ் ஒருவரே. 13 ஆஸ்கார்ப் பரிந்துரைகள் வந்தன. மெக்சிக்கோவிலோ கடுங்கோபம் வந்தது. மனிதர் ஒருவரே, கலைத்திறன் ஒன்றே. தீபனில் அந்த மக்களை உள்ளே அழைத்தார். எமிலியாவில் பெரும்பாலும் வெளியே நிறுத்தினார். ஆகவே இது நல்லவர், கெட்டவர் என்ற பிரச்சினையன்று. கேட்பாரற்ற இடத்தில் நல்லவரும் கைமறதியாகிவிடுவார்!

நம்மிடம் இல்லாததா?

“எங்கள் ஊரில் நடிகர் எங்கே இருக்கிறார்?” என்று நம்மவரே சொல்லுவதுதான் எனக்கு வேதனை. மாதோட்டப் பாங்கென்றும் யாழ்ப்பாணப் பாங்கென்றும் இரண்டு கூத்து மரபுகளை வளர்த்த மண் இது. ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’, ‘ஞானசௌந்தரி’ நாடகங்களை 1964-க்கும் 1967-க்கும் இடையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தேடிப் பதிப்பித்தாரே, அவை எந்த மண்ணின் செல்வம்? பகலில் வலை இழுத்தவன் இரவில் எம்பரதோர் ஆனான். பகலில் ஏர் பிடித்தவன் இரவில் ஏரோது மன்னனாகக் கர்ச்சித்தான். ஐரோப்பிய அரசனாக மன்னார் மீனவன் நடித்தபோது யாராவது தடுத்தார்களா? கதவு இரண்டு பக்கமும் திறக்க வேண்டும் என்று நான் சொன்னேனே, அதை நமது முன்னோர் கூத்துக் களரியிலே செய்து காட்டிவிட்டார்கள்!

திரைப்படமும் நமக்குப் புதிதன்று. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நாவல் 1978-இல் படமாக வந்தது. வாடைக் காலத்தில் நெடுந்தீவுக் கரைக்கு வந்து வாடி போடும் மீனவரின் கதை. படமாக்கியது எங்கே? நமது பேசாலைக் கடற்கரையில்! பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார். ஏ. ஈ. மனோகரன், இந்திரகுமார், கே. எஸ். பாலச்சந்திரன், ஆனந்தராணி, சந்திரகலா என்று நம் நாட்டுக் கலைஞரே நடித்தார்கள். பேசாலை நெடுந்தீவாக நடித்தது. மனிதர் மனிதராகவே வந்தார்கள்.

பிறகு ஏன் நின்றது? திறமை வற்றியதால் அன்று. 1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா கலையகம் எரிந்தது. சிங்களப் படங்களை இயக்கிய தமிழர் கே. வெங்கட் கொல்லப்பட்டார். அதன் பின் இருபத்தாறாண்டுப் போர். சிங்கள இயக்குநர் அசோக ஹந்தகம 2012-இல் ‘இனி அவன்’ என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தபோது, தர்சன் தர்மராஜும் நிரஞ்சனி சண்முகராஜாவும் தமிழ் மனிதரின் மனத்தை எவ்வளவு ஆழமாகக் காட்டினார்கள்! தர்சன் 2022-இல் இளமையிலேயே மறைந்தார். அத்தகைய ஒருவர் உருவானார் என்றால் இன்னும் நூறு பேர் உருவாக முடியாதா?

நம் வீட்டுக் கதவு

பிறரைக் கேட்கும்போது நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஈழத்தமிழ் என்றாலே யாழ்ப்பாணப் பேச்சு என்று திரை எண்ணுகிறது. தலைமன்னார் மீனவரின் பேச்சு வேறு. நானாட்டான் உழவரின் பேச்சு வேறு. எருக்கலம்பிட்டி முஸ்லிம் மக்களின் பேச்சு வேறு. 1990 ஒக்டோபரில் இந்தக் கரையிலிருந்து உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் கதையை நாம் எத்தனை முறை மேடையேற்றினோம்? மலையகத்திலிருந்து வந்து வன்னி மண்ணில் குடியேறியவர்களுக்கு நமது நாடகங்களில் என்ன வேடம்? நமது கூத்தில் பெண் வேடத்தைக்கூட ஆண்களே கட்டினார்கள்; இன்று நம் பெண்கள் களரிக்கு வரத் தடையேதும் இருக்கலாமா? சென்னையிடம் கேட்கும் நீதியை முதலில் நம் முற்றத்தில் வழங்க வேண்டும். அப்போதுதான் நமது குரலுக்கு வலிமை வரும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, ஈழத்தமிழர் பாத்திரம் வரும் படம் எதுவாயினும், அந்தப் பாத்திரத்தின் ஊர்ப் பேச்சை அறிந்த ஒருவரை மொழிப் பயிற்சியாளராக அமர்த்தி, கூலியும் கொடுத்து, பெயரையும் திரையில் இட வேண்டும் என்று கேட்போம். இது பிச்சையன்று, தொழில்.

இரண்டாவது, இந்தக் கரைக்குப் படப்பிடிப்புக்கு வருகிறவர்களை வரவேற்போம். ஆனால் கூட்டத்தில் நிற்கவும் கொடி பிடிக்கவும் மட்டும் நம் பிள்ளைகளை அனுப்பாமல், பேசும் வேடம் எத்தனை என்று முதலிலே கேட்போம்.

மூன்றாவது, அகதி, போராளி, அழும் தாய் என்னும் மூன்று வேடங்களுக்குள் நம்மை அடைக்காதே என்போம். கட்டுக்கரையில் தண்ணீர் முறைக்குச் சண்டை பிடிக்கும் உழவன், காதலிக்கும் ஆசிரியை, ஊரைச் சிரிக்க வைக்கும் கோமாளி, ஏன், ஒரு கைதேர்ந்த திருடன்கூட நம்மிடையே உண்டு! துயரம் மட்டுமே உடையவன் முழு மனிதனாகக் கணிக்கப்படமாட்டான்.

நான்காவது, நமது பாடசாலைகளில் கூத்தை ஆண்டு விழா அலங்காரமாக வைக்காமல் நடிப்புக் கல்வியாக வைப்போம். அண்ணாவிமார் இருக்கும்போதே அவர்களிடம் கற்போம். ஒரு கைத்தொலைபேசியும் ஒரு நல்ல கதையும் இருந்தால் இன்று படம் எடுத்துவிடலாம். இங்கிருக்கும் மருத்துவர்களும் பொறியியலாளரும் வணிகரும் தங்கள் பிள்ளை நடிகனாவான் என்றால் நெற்றியைச் சுருக்காதிருப்பதே அவர்கள் செய்யக்கூடிய முதல் உதவி. இரண்டாவது உதவி, அந்தச் சிறு படத்துக்கு ஒரு கை பொருள்.

பெரியோர்களே! தாய்மார்களே! நமது வயலில் யாரும் காலடி வைக்கக்கூடாது என்று நாம் வேலி போடவில்லை. கமல்ஹாசன் வரட்டும், சிம்ரன் வரட்டும், ஓடியாரும் வரட்டும். ஆனால் ஏர் பிடிக்க நமக்கும் ஓர் இடம், விதைக்கும் பருவத்தைச் சொல்ல நமக்கும் ஒரு வாய், அறுவடையில் நமக்கும் ஒரு பங்கு. நாளை நமது பிள்ளையொருவன் மன்னார் மீனவனாகவும் நடிக்கட்டும். மெக்சிக்கோ வீரன் சப்பாட்டாவாகவும் நடிக்கட்டும். அந்த இரண்டும் நடக்கும் நாளில், நமது வேடம் யாருக்கும் குத்தகையில் இல்லை என்று துணிந்து சொல்லலாம்.